சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு காது

1

போன வெள்ளிக்கிழமை ராத்திரி என் மகள் ஆக்னஸ் தன் அறையிலிருந்து சமையலறைச் சுவரைத் தட்டினாள். தட்டிவிட்டு ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இவ்வளவும் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அது ஏன் எனக்கு அவ்வளவு பெரிதாகப் பட்டது என்று சொல்ல வேண்டுமானால், கதையை மயிலாப்பூரில் தொடங்க வேண்டும்.

அதற்கு முன் இங்கத்திய நிலவரம். நாங்கள் தென் ஜெர்மனியில் ஒரு நடுத்தர ஊரில் இருக்கிறோம். நான், என் கணவர் சேவியர், பதினைந்து வயது ஆக்னஸ். இது அக்டோபர். நம் ஊர்க் கத்தோலிக்கர்களுக்குச் செபமாலை மாதம். இங்கே குளிர்கால டயர் மாற்றும் மாதம். அக்டோபரிலிருந்து ஈஸ்டர் வரைக்கும் குளிர்கால டயர் என்பது இவர்களுக்கு மனப்பாடம். என் அலுவலகத்தில் ஈஸ்டர் என்ற சொல்லை நான் அதிகம் கேட்பது டயர் விஷயத்தில்தான்.

ஆக்னஸ் இந்த வருஷம் உறுதிபூசுதல் வாங்கியிருக்க வேண்டும். ஞானஸ்நானம் குழந்தையில் நாம் கொடுப்பது. உறுதிபூசுதல், வளர்ந்த பிள்ளை தானே "ஆமாம், இது என் விசுவாசம்" என்று ஆயர், அதாவது பிஷப், முன்னால் சொல்லி வாங்கிக்கொள்வது. பதினாலு வயதானால் மதத்தைப் பிள்ளையே தீர்மானிக்கலாம் என்று இங்கே சட்டம். அவள் தீர்மானித்தாள். வேண்டாம் என்றாள்.

2

கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் ஒரு காம்பவுண்டில் வளர்ந்தவள் நான். ஆறு போர்ஷன். ஐந்தில் பிராமணக் குடும்பங்கள், ஆறாவதில் நாங்கள். வீடு பேசப் போனபோது வீட்டுக்காரர் "அது சரி சார், இந்த மீன் கீன்..." என்று இழுத்தாராம். "ஞாயித்துக்கிழமை மட்டும், ஜன்னலைச் சாத்திக்கிட்டு" என்றாராம் அப்பா. அந்த ஒப்பந்தத்தை அவர் மீறி நான் பார்த்ததில்லை. நொச்சிக்குப்பத்திலிருந்து கூடை தூக்கி வரும் தெரசம்மாவுக்கு இது பிடிபடவே இல்லை.

"இன்னா நைனா, மீனு துள்ளிக்கினு கீது, நீ ஞாயித்துக்கெயம ஞாயித்துக்கெயமன்னு சொல்லிக்கினு கீறியே" என்று வாசலில் நின்று அங்கலாய்ப்பார். அப்பா கும்பிடு போட்டு அனுப்பிவைப்பார்.

அப்பாவுக்கு ஒரு கொள்கை உண்டு. "இவங்க யாரும் நம்ம கோயிலுக்கு வரப் போறதில்ல. நம்ம வாசலைப் பாத்துத்தான் நம்ம சாமி எப்படின்னு முடிவு பண்ணுவாங்க." எனவே எங்கள் வாசலில் கெட்ட வார்த்தை கிடையாது, கடன் சொல்லுவது கிடையாது, உரக்கச் சிரிப்பதுகூட அளவோடுதான். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் நாற்பது நாளும் ஞாயிற்றுக்கிழமை மீனும் நின்றுவிடும். கிறிஸ்துமஸ் முறுக்கை மற்றப் போர்ஷன்களுக்குக் கொடுப்பதற்கென்றே அம்மா தனி வாணலி வைத்திருந்தாள். அதில் மறந்தும் ஒரு முட்டை விழுந்ததில்லை. நானும் என் அக்கா லூர்தக்காவும் பள்ளிக்கூட நாடகத்தில் எப்போதும் மேடையிலேயே நிற்கிற மரம் மாதிரி வளர்ந்தோம்.

ராத்திரி எட்டரைக்குச் செபமாலை. ஐம்பத்துமூன்று மணியும் வாய்விட்டு. மாதா சுரூபம் இருந்த சுவருக்கு அந்தப் பக்கம் பத்மா மாமியின் வீடு. அவர்கள் வீட்டில் அப்பளம் நொறுங்கினால் எங்களுக்குக் கேட்கும். அப்படியானால் எங்கள் செபம் அவர்களுக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சண்டை. மாமா கல்யாணத்துக்குப் போவதா வேண்டாமா என்று ஆரம்பித்து, எங்கெங்கோ போய், எட்டரைக்கு இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். செபம் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. சத்தம் வராவிட்டாலோ காம்பவுண்டு என்ன நினைக்கும்? அப்பா எழுந்து போய், கோயில் கடையில் வாங்கிய செபமாலை கேசட்டை டேப் ரிக்கார்டரில் போட்டு, சுவரோரமாக வைத்தார். நாங்கள் நாலு பேரும் பேசாமல் சோறு சாப்பிட்டோம்.

மறுநாள் காலை குழாயடியில் பத்மா மாமி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டார்: "ஏண்டி ஸ்டெல்லா, நேத்திக்கு வெள்ளிக்கிழமைதானே? துக்கம்னா வரணும்? சந்தோஷம்னா போயிண்டிருந்துது?"

தெரியாதவர்களுக்காக: செபமாலையில் ஒவ்வொரு நாளைக்கும் தியானிக்க ஒரு வரிசை உண்டு. சந்தோஷ தேவ இரகசியம் என்றால் இயேசு பிறந்த கதை, துக்கம் என்றால் பாடுபட்டு மரித்த கதை. வெள்ளிக்கிழமை துக்கம். அந்தக் கேசட்டில் ஒரு பக்கம் சந்தோஷம், மறுபக்கம் துக்கம். கோபத்தில் அப்பா பக்கத்தை மாற்றிப் போட்டுவிட்டார். கபாலி கோயிலைத் தாண்டி எந்தக் கோயிலுக்கும் போயிராத மாமி கண்டுபிடித்துவிட்டார்.

நான் ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து, முந்தின நாள் சண்டையெல்லாம் மறந்து அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றைக்கே கேசட் பரணுக்குப் போனது. மாமிக்கு நாங்கள் வைத்த பெயர் சி.ஐ.டி. மாமி. இந்த ஊரில் ஒரு செபத்தைக்கூட நிம்மதியாக ஏமாற்ற முடியாது என்று அக்காவும் நானும் பேசிக்கொண்டோம்.

3

ஜெர்மனிக்கு வந்த முதல் வாரம் எனக்குப் பிடித்துப்போனது இங்கத்திய சுவர்தான். கெட்டிச் சுவர், இரண்டு அடுக்குக் கண்ணாடி ஜன்னல். ஞாயிற்றுக்கிழமை ஜன்னலைச் சாத்தாமல் மீன் பொரித்தேன். கேட்க ஒரு நாதியில்லை.

நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிந்தபோது, அங்கிருந்த அம்மாள் மதம் என்ன என்று கேட்டார். இந்தக் கேள்விக்குப் பின்னால் தேவாலய வரி என்று ஒன்று இருக்கிறது. கத்தோலிக்கர் என்று சொன்னால் சம்பளத்திலேயே பிடித்துவிடுவார்கள். நம் ஊர் நண்பர்கள் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்கள்: "ஒண்ணும் இல்லைன்னு சொல்லிடுங்க. கோயிலுக்கு எப்பவும் போல போய்க்கலாம், யாரு பாக்கப் போறா?" சேவியர் என்னைப் பார்த்தார். அப்பா பின்னால் நிற்பதுபோல எனக்குப் பிடரி குறுகுறுத்தது. கத்தோலிக்கர் என்றேன். அந்த அம்மாள் ஆச்சரியப்பட்டு, இந்தியாவில் எப்போது மாறினீர்கள் என்றார். உங்கள் ஊருக்கு வருவதற்கு முன்பே எங்கள் சாந்தோமுக்கு இயேசுவின் சீடர் தோமையார் வந்துவிட்டார் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை என்று சொல்ல ஆசைதான். என் ஜெர்மன் அவ்வளவு தூரம் வராது. "முன்னாடியே" என்று மட்டும் சொன்னேன்.

இந்த மொழியில் பூசைக்கும் வர்த்தகக் கண்காட்சிக்கும் ஒரே சொல். ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வர முடியாது, அது எனக்குப் பூசை நாள் என்று மேலதிகாரியிடம் சொன்னேன். எந்த அரங்கு, நம் நிறுவனமும் கடை போடுகிறதா என்று கேட்டார்.

இப்படிப் பெரிய விஷயங்களில் நிமிர்ந்துதான் நின்றேன். சின்ன விஷயம்தான் கரைந்தது. தினமும் இருந்த செபமாலை வாரத்துக்கு மூன்றாகி, ஒன்றாகி, கடைசியில் அக்காவோடு வீடியோ அழைப்பில் சொல்லும் ஞாயிற்றுக்கிழமைச் செபமாலை மட்டும் மிஞ்சியது. மயிலாப்பூர்க் காம்பவுண்டை இடித்து ஃபிளாட் கட்டிவிட்டார்கள். பழைய குடித்தனக்காரர்களில் இரண்டு பேர் அங்கேயே வீடு வாங்கினார்கள். ஒன்று எங்கள் அக்கா, அடுத்த கதவு பத்மா மாமி. அங்கே இரவு எட்டரை என்றால் இங்கே சாயங்காலம், துணி மடிக்கும் நேரம். அக்கா முதல் பாதி சொல்லுவாள், நாங்கள் இரண்டாம் பாதி. இணைப்பு இரைகிறது என்று சொல்லி நான் மைக்கை அணைத்துவிடுவேன். உதடு அசையும், கை இஸ்திரி போடும்.

"உன்னைப் பாத்தா எவ்ளோ பெருமையா இருக்கு தெரியுமா? அந்த ஊர்ல இருந்துக்கினு விடாம சொல்றியே" என்பாள் அக்கா.

4

ஆக்னஸ் என்பது என் அம்மாவின் பெயர். இரண்டு நாட்டிலும் வாயில் நுழையட்டும் என்று யோசித்து வைத்தோம். இங்கே அது கொள்ளுப்பாட்டிகளின் பெயராம்; பள்ளிக்கூடத்தில் கேலி செய்தார்கள். அந்தக் கோபம் அவளுக்கு இன்னும் பாக்கி இருக்கிறது. நான் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்வாள். அவள் சொல்வதைத் தமிழாக்கித்தான் எழுதுகிறேன்.

வேண்டாம் என்று அவள் சொன்னது சாப்பாட்டு மேசையில். கோபமில்லாமல் சொன்னாள். அதுதான் எனக்கு வலித்தது.

"ஆயர் கேக்கும்போது நம்புறேன்னு சொல்லணும். எனக்கு நிச்சயமாத் தெரியல. பொய் சொல்ல வேணாமே."

"நாங்க சொல்லிக் குடுத்ததெல்லாம்?"

"நீங்க நம்புறீங்களான்னும் எனக்குத் தெரியல அம்மா. யாராவது பாக்கும்போது நம்புறீங்க. பெரியம்மா கேமரா ஆன் பண்ணச் சொன்னாத்தான் இஸ்திரிப்பெட்டியைக் கீழ வெக்கிறீங்க."

நான் சேவியரைப் பார்த்தேன். ஏதாவது சொல்லுங்கள் என்று அர்த்தம். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு, "அவ சொல்றதுல தப்பு எங்க இருக்கு?" என்றார்.

இங்கத்திய பங்குக் கோயிலில் வகுப்பு நடத்தும் பெண்மணியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "சரி, கதவு திறந்தே இருக்கும்" என்றார், அவ்வளவுதான். யாரும் அதிர்ச்சியடையவில்லை. யாராவது கொஞ்சம் அதிர்ச்சியடைந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்தப் பிள்ளையை நான் இழந்துகொண்டிருக்கிறேனோ என்ற பயம் அன்றைக்குத்தான் வந்தது. சாமியை அவள் விட்டுவிடுவாள் என்பதைவிட, எங்களை நடிகர்கள் என்று முடிவு கட்டிவிடுவாளோ என்ற பயம்.

5

ஆகஸ்டில் சென்னை போனோம். சேவியருக்கு விடுப்பு இல்லை. நானும் ஆக்னசும் மட்டும். ஆக்னஸ் வேண்டாம் என்று சொன்னதை அக்காவிடம் போனிலேயே சொல்லியிருந்தேன். அவள் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. போய் இறங்கிய மறுநாளே தி.நகருக்கு இழுத்துக்கொண்டு போய் ஆக்னசுக்கு வெள்ளை கவுனுக்கு அளவு கொடுத்தாள்.

"எதுக்கு?" என்று ஆக்னஸ் என்னைக் கேட்டாள்.

"மாதா திருவிழாவுக்குடா" என்று அக்கா முந்திக்கொண்டாள்.

விஷயம் வீட்டுக்கு வந்து, ஆக்னஸ் தூங்கிய பிறகுதான் வெளியே வந்தது. எங்கள் பங்குக்கு ஆயர் வருகிறார், நாற்பது பிள்ளைகளுக்கு உறுதிபூசுதல், அந்த வரிசையில் ஆக்னஸ் பெயரையும் சேர்த்திருக்கிறாள். அக்கா அங்கே மறைக்கல்வி ஆசிரியை. வகுப்புக்கு வந்தாள் என்று அவளே சொல்லிவிடுவாளாம். உறவுக்காரர்களுக்கெல்லாம் சொல்லியாயிற்று, பிரியாணிக்கும் சொல்லியாயிற்று.

"அங்க வேணாம்னா இங்க வாங்கிக்கட்டும். ஆயர் கைய வெச்சா எங்க வெச்சாலும் ஒண்ணுதானே" என்றாள்.

"அவ மனசு இல்லாம எப்படிக்கா?"

"மனசெல்லாம் பின்னாடி வரும். ஊருக்கெல்லாம் பாடம் சொல்லிக் குடுக்குறவ நான். என் தங்கச்சி பொண்ணு வேணாம்னு சொல்லிட்டாளாமேன்னு நாலு பேர் கேட்டா என் மூஞ்ச எங்க கொண்டுபோய் வெச்சுக்குவேன்? அப்பா இருந்தா ஒத்துப்பாரா?"

அப்பா பெயரைச் சொன்னதும் நான் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன். இரண்டு நாள் அப்படியே ஓடியது. ஆக்னசிடம் சொல்லவும் முடியாமல், அக்காவிடம் மறுக்கவும் முடியாமல், திருவிழாக் கடையில் மெழுகுவர்த்தி விலை விசாரித்துக்கொண்டு திரிந்தேன்.

வெள்ளிக்கிழமை மாலை கோயில் மண்டபத்தில் ஒத்திகை. திருவிழாவுக்கு என்று சொல்லி அக்கா ஆக்னசையும் கூட்டி வந்தாள். பங்குத்தந்தை இளைஞர், ஒவ்வொரு பிள்ளையாக நிறுத்தி, பெற்றோரிடம் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டு வந்தார். அப்போதுதான் எதற்காக நிற்கிறோம் என்று ஆக்னசுக்குப் புரிந்தது. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் என்ன செய்யப்போகிறேன் என்று பார்க்கிற பார்வை. பத்மா மாமி குழாயடியில் பார்த்ததைவிடக் கூர்மையான பார்வை.

"உங்க பொண்ணு தானா விரும்பித்தான் வாங்கிக்கிறாளாம்மா?" என்றார் பங்குத்தந்தை.

சுற்றிலும் எங்களைத் தெரிந்தவர்கள். அப்பா பெயரைச் சொல்லி, ஆரோக்கியம் சார் பெண் என்று இன்னும் என்னை அடையாளம் சொல்கிறவர்கள். வாசல் சுத்தமாக இருக்க வேண்டும் என்றுதானே அப்பா அத்தனை வருஷம் பாடுபட்டார்? இப்போது உண்மையைச் சொன்னால் அந்த வாசல் நாலு பேர் வாயில் விழும். பொய் சொன்னால் யாருக்கும் தெரியாது, ஒரே ஒருத்தியைத் தவிர.

"இல்லை ஃபாதர்" என்றேன். "அவ இன்னும் முடிவு பண்ணல. வகுப்புக்கும் வரல. நாங்கதான் அவசரப்பட்டுட்டோம்."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பங்குத்தந்தை, "சரிம்மா, பேரை எடுத்துடுறேன். பாப்பா, உனக்கு எப்ப தோணுதோ அப்ப வா" என்று சொல்லி அடுத்த பிள்ளையிடம் போனார். மூன்று பேரும் வீட்டுக்கு நடந்தோம்.

6

எட்டரை ஆயிற்று. அக்கா நாற்காலியில், நான் கட்டிலில், ஆக்னஸ் ஜன்னலோரம். யாருக்கும் வாய் வரவில்லை. அக்கா போனை எடுத்து யூடியூபில் செபமாலையைத் தேடினாள்.

"வேணாம்க்கா."

"சத்தம் வரலன்னா மாமி கேப்பாங்க."

"கேக்கட்டும்."

கொஞ்ச நேரத்தில் அழைப்பு மணி அடித்தது. கைத்தடியோடு பத்மா மாமி.

"ஏன் சத்தத்தையே காணோம்? யாருக்காவது ஒடம்பு சரியில்லையா?"

"லேசா தலைவலி மாமி" என்று அக்கா தொடங்கினாள்.

"சண்டை மாமி. அதான் செபம் சொல்லல" என்றேன் நான்.

மாமி அப்பாடா என்று நாற்காலியில் உட்கார்ந்தார். "சண்டைதானா? நான் ஜுரமோ என்னவோன்னு பயந்துண்டு ஓடி வரேன். அன்னிக்கும் இப்படித்தான், கேசட்டைப் போட்டு உங்கப்பா என்னைக் கலங்க அடிச்சுட்டார்."

நானும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அந்தக் கதையை மாமி வாயால் நாங்கள் கேட்டதே இல்லை.

"அந்த வருஷம் எங்காத்து மாமா படுத்த படுக்கை இல்லையோ? உங்காத்துல மொதல் வரி ஆரம்பிச்சா நான் எழுந்துபோய் மாத்திரை குடுப்பேன். கடியாரமே பாக்க மாட்டேன். கேட்டுக் கேட்டு எந்த நாளைக்கு எதுன்னுகூடப் பாடமாயிடுத்து. அன்னிக்கு யாரோ ஒரு ஆம்பளைக் குரல் கடகடன்னு சொல்லிண்டு போறது, நாளும் தப்பு. உங்கம்மா குரலைக் காணோமேன்னு ராத்திரி பூரா எனக்கு மனசு அடிச்சுண்டுது. நேரா கேக்க கூச்சம். அதான் கார்த்தால உன்கிட்ட நாள் தப்புன்னு சொல்லிப் பார்த்தேன்."

சி.ஐ.டி. மாமி என்று வருஷக்கணக்கில் சொல்லிச் சிரித்திருக்கிறோம். அந்தக் காது எங்களைச் சோதிக்கவில்லை, அம்மாவைத் தேடியிருக்கிறது. ஆக்னஸ் பாதி புரியாமல் என்னைக் கேட்க, என் அரைகுறை ஜெர்மனில் அவளுக்கு முழுவதும் சொன்னேன். கேசட் இடத்தில் அவள் சிரித்தாள். மாத்திரை இடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

"நீங்க எங்க சாமியைக் கும்பிடுவீங்களா?" என்று மாமியைத் தமிழில் கேட்டாள்.

"எனக்கு என் கபாலி இருக்காரே. உங்காத்து சத்தம் வேணும், அவ்வளவுதான்" என்றார் மாமி.

அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, யாரையும் பார்க்காமல், செபமாலையைக் கையில் எடுத்தாள். வெள்ளிக்கிழமை, துக்கம். கோபத்தில் அவள் குரல் கரகரத்தது. நான் மறுபாதி சொன்னேன். ஆக்னஸ் சொல்லவில்லை, மாமிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிரியாணியை மட்டும் ரத்து செய்ய முடியவில்லை. வந்தவர்கள் எல்லாரும் சாப்பிட்டார்கள், எல்லாரும் கேட்டார்கள், எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொன்னேன். மூன்றாவது ஆளுக்குச் சொல்லும்போதே எனக்குப் பழகிவிட்டது. வெள்ளை கவுனைப் போட்டுக்கொண்டு ஆக்னஸ் பந்தி பரிமாறினாள். "பொண்ணு நல்லா இருக்கா, ஆனா ரொம்ப உண்மை பேசுறா" என்று ஒரு சித்தி சொல்லிவிட்டுப் போனாள். நாங்கள் ஊருக்குக் கிளம்பும் அன்றுதான் அக்கா என்னோடு பேசினாள். "மாமியும் அந்தப் பக்கம் கேட்டுக்கிட்டு இருக்காங்க, வாரா வாரம் மைக்கை அணைக்காத" என்றாள். அவளுக்கும் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

7

இப்போது இங்கே வாரம் முழுக்கச் சொல்கிறேன். சமையலறையில், இந்த ஊர் எட்டரைக்கு, வாய்விட்டு. பாத்திரமெல்லாம் கழுவி முடித்த பிறகு, கையில் வேறு எதுவும் இல்லாமல். சேவியர் சில நாள் வந்து நிற்பார், சில நாள் சோபாவிலேயே தூங்கிவிடுவார். ஆக்னசை நான் கூப்பிடுவதில்லை. உறுதிபூசுதல் பற்றி அவள் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவள் அறைக்கும் சமையலறைக்கும் நடுவில் இருப்பது பிற்பாடு தடுத்த பலகைச் சுவர். வெளிச்சுவர் மாதிரி கெட்டி இல்லை என்பதை இத்தனை வருஷம் நான் கவனித்ததில்லை.

போன வெள்ளிக்கிழமை கார் டயர் மாற்றப் போய் அரை நாள் காத்திருந்து களைத்து வந்தேன். பாதித் தூக்கத்தில் தொடங்கினேன். சந்தோஷ தேவ இரகசியம், வானதூதர் மரியாளுக்கு மங்கள வார்த்தை சொன்னது என்று ஆரம்பித்து, முதல் பத்து மணியில் பாதி தாண்டியிருப்பேன்.

சுவரில் இரண்டு தட்டு.

"அம்மா, இன்னிக்கு வெள்ளிக்கிழமை."

தமிழில்தான் சொன்னாள். நான் நிறுத்தினேன். மணியைப் பின்னால் தள்ளிக்கொண்டு போய்ச் சிலுவையைப் பிடித்து, முதலிலிருந்து தொடங்கினேன். அந்தப் பக்கம் தெளிவாகக் கேட்கும்படி, கொஞ்சம் நிதானமாக.